கேமராவுக்குப் போடும் கண்ணாடி

எங்கள் அலுவலகத்தில் மூன்று லென்ஸ்கள் இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் சுவரில் மாட்டிய துணிக்கே பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்குள் தோல் பையில் கிடந்த லென்ஸை மட்டும் அது விட்டுவைக்குமா? கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. பயிர்களுக்கு வரும் பூஞ்சையைப் படம் எடுக்கத்தான் அந்தச் சாமான்களையே வாங்கியிருந்தார்கள். அதை நினைத்து நான் சிரித்தேன். அதிகாரி சிரிக்கவில்லை.

மிஞ்சியது மேக்ரோ லென்ஸ் ஒன்றுதான். பூச்சி, பூ, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் முட்டை என்று சின்னஞ்சிறு பொருள்களைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுப்பதற்கான லென்ஸ் அது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் அதிகாரி, "புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கேம்மா. வர்ற வரைக்கும் எல்லாத்தையும் இதை வச்சே ஓட்டு" என்றார். புதுசு வரவேயில்லை. தொண்ணூற்றேழாம் வருஷத்திலிருந்து நான் அங்கே இருந்த காலம் முழுக்க, பூச்சியையும் அதை வைத்துத்தான் எடுத்தேன், மலையையும் அதை வைத்துத்தான் எடுத்தேன்.

அலுவலகம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செம்மேட்டில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. மிளகுக்கும் சாமைக்கும் கிழங்குக்கும் என்னென்ன நோய் வருகிறது என்று மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்து எழுதி, படம் எடுத்து, அட்டையில் ஒட்டி மேலே அனுப்புவது வேலை. நான் அரியூர் நாட்டுப் பெண். பிளஸ் டூ முடித்திருந்தேன், மலையில் எல்லாப் பாதையும் தெரியும், கை நடுங்காது. இந்த மூன்று தகுதிக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பூச்சியென்றால் ஒரு சாண் தூரத்துக்குக் கிட்டப் போக வேண்டும். மனிதரென்றால் தள்ளிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆள் முழுதாக விழ இருபது அடி. பத்துப் பேர் வரிசையாக நின்றால் ஐம்பது அடி. ஒருமுறை மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வந்து மிளகுக் கொடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் பின்னால் போகப் போக ரோடு முடிந்தது, வாய்க்கால் முடிந்தது, நடவு போட்ட வயலுக்குள் முழங்கால் சேற்றில் இறங்கி நின்று, "கொஞ்சம் சிரிங்க சார்!" என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் கையை நெற்றியில் வைத்து, இந்தப் பெண் எங்கே ஓடிப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்திலும் அப்படித்தான் விழுந்தார்.

இதனால் எனக்கு ஒரு பெயர் வந்தது. பூச்சியிடம் ஒட்டுகிறாள், ஆளைக் கண்டால் ஓடுகிறாள் என்று பஸ்ஸில் கேலி செய்வார்கள். உண்மையும் அதுதான்.

அந்த லென்ஸ் எனக்குப் பிடித்துப் போனதற்கு வேறு காரணம் இருந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. கண்ணாடி இல்லாவிட்டால் அரைச் சாணுக்கு அப்பால் எதற்கும் ஓரம் கிடையாது. ஆள், மரம், மாடு எல்லாம் வெறும் நிறங்களாகி ஒன்றோடொன்று கரைந்து நிற்கும். அரைச் சாணுக்குள் மட்டும் என் கண் பொல்லாத கண். சாமைக் கதிரில் இருக்கும் மயிரை எண்ணிவிடுவேன். கடவுள் எனக்கு லென்ஸைக் கண்ணுக்குள் வைத்துவிட்டு, அதைத் திருப்பும் வளையத்தை மட்டும் வைக்க மறந்துவிட்டார். அந்த வளையம் அலுவலகத்து லென்ஸில் இருந்தது.

மற்ற லென்ஸ்களில் லேசாகத் திருப்பினாலே தூரத்துப் பொருள் தெளிவாக வந்து நின்றுவிடும். இதில் வராது. கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போக ஏறக்குறைய முழுச் சுற்று திருப்ப வேண்டும், அதுவும் மெதுவாக. மார்கழி விடியலில் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் அதைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். முதலில் ஒரு பனித்துளி தெரியும். துளிக்குள் தலைகீழாக ஒரு வேலி. இன்னும் கொஞ்சம் திருப்பினால் துளி ஊதிப் பெருத்து வெளிச்ச வட்டமாகி மறையும், கதிர் வரும். கதிர் கரையும், நிஜ வேலி வரும். வேலி கரையும், குண்டனி நாட்டுப் பாதையில் தலைச்சுமையோடு யாரோ ஒருத்தி நடந்து வருவாள். அவளும் கரைவாள். கடைசியில் மேகத்துக்குள்ளிருந்து மலை மெல்லத் திரண்டு வரும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இவ்வளவு தூரம் போய்வந்திருப்பேன். அப்போதெல்லாம் படம் எடுக்கவே தோன்றாது. எனக்கு அழுகை வரும், ஏனென்று கேட்டால் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணாடி விஷயத்தில் என் அம்மா கெட்டிக்காரி. எங்கள் பக்கம் அப்போது கண்ணாடி போட்ட கல்யாணமாகாத பெண் என்றால் குருடி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள்: "அது ஆபீசுல குடுத்த கண்ணாடிங்க. போட்டோ எடுக்கறவங்க போட்டுக்கணுமாம். கேமராவுக்குப் போடற கண்ணாடி."

ஊரும் நம்பியது. ஏன் நம்பாது? கழுத்தில் கேமராவும் மூக்கில் கண்ணாடியும் ஒன்றாகத்தான் எல்லா நாட்டுக்கும் போய்வந்தன. வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடுகிறார்கள் அல்லவா, அதுபோல இதுவும் ஒரு தொழில் சாமான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "போட்டோக் கண்ணாடியைப் போட்டா எப்படித் தெரியும், நல்லாப் பெருசாத் தெரியுமா கண்ணு?" என்று விசாரிப்பார்கள். "பெருசாத் தெரியுமுங்க" என்று சொல்லிவிடுவேன். இந்தப் பொய்யை அம்மா இவ்வளவு முறை சொன்னதில் கடைசியில் அவளே பாதி நம்பிவிட்டாள் என்பதுதான் வேடிக்கை.

ஒரு கார்த்திகை மாதத்தில் வளப்பூர் நாட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மிளகும் பலாவும் இருக்கிற சொந்தக் காடு, நல்ல உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லை என்று சொன்னார்கள். காலையில் அம்மா என் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

"அம்மா, ஒண்ணும் தெரியாதும்மா."

"கேமராதான் இல்லியே, கண்ணாடி எதுக்குக் கண்ணு?" என்றாள், என்னிடமே.

அவர்கள் ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது நிறங்களின் வரிசை. நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை. அதற்குப் பக்கத்தில் ஒரு நீலம். வெள்ளைச் சட்டைதான் பேசிற்று, வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுபோன கதையைச் சொல்லி, தானே முதலில் சிரித்தது. நல்ல சிரிப்பு. வீடே அதனால் வெளிச்சமானது மாதிரி இருந்தது. நீலச் சட்டை வாயையே திறக்கவில்லை. மாப்பிள்ளை வெள்ளையில்தானே வருவார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மா கண்ணாலேயே ஏதோ ஜாடை காட்டினாளாம், அப்புறம் சொன்னாள். எனக்கு அம்மாவே ஒரு பச்சைப் புடவையாகத்தான் தெரிந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அப்பா பின்னாலேயே வந்து, "என்ன கண்ணு, சரிதானே?" என்றார்.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு, "சரிங்கப்பா" என்றேன்.

தை முடிவதற்குள் பரிசம் போடுவது என்று பேசிவிட்டுப் போனார்கள். அன்று மாலை அம்மா பானையிலிருந்து கண்ணாடியை எடுத்து அரிசி மாவைத் துடைத்துக் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: "அவிய ஊட்டுக்குப் போனதும் கொஞ்ச நாளைக்கு இதைப் போடாத சாமி. ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இப்பவே தெரிஞ்சா, கண்ணு தெரியாத பொண்ணைக் கட்டிவெச்சுட்டீங்கன்னு திருப்பிக் கொண்டாந்து உட்டுருவாங்க."

ஒரு குழந்தை பிறக்கும்வரை என்றால் குறைந்தது ஒரு வருஷம். ஒரு வருஷம் அரைச் சாண் உலகத்தில் குடித்தனம் செய்ய வேண்டும். கேமராவைத் தொட முடியாது. மலை திரண்டு வருவதைப் பார்க்க முடியாது. பிறக்கிற குழந்தையின் முகத்தைக்கூட மூக்கு உரச வைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்றிரவு நான் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

தை மாதம் மிளகு பறிப்பு. வளப்பூர் நாட்டில் கொடிகள் வாடுகின்றன என்று செய்தி வந்து, அதிகாரி என்னை அனுப்பினார். முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது மூடுபனி ரோட்டோரத்து மரங்களை இடுப்பு வரை விழுங்கியிருந்தது. காடு காடாக ஏறி இறங்கி மஞ்சளான இலை, கறுத்த தண்டு, வேரில் ஒட்டிய பூச்சி என்று முப்பத்தைந்து படம் எடுத்தேன். ஒரு ரோலில் முப்பத்தாறு. கடைசி ஒன்றை மலைக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். ரோட்டுக்கு வந்து பனி விலகக் காத்திருந்தேன்.

அப்போது அந்தச் சிரிப்பு கேட்டது.

ரோட்டுக்குக் கீழே நாற்பதடி தள்ளி ஒரு சில்வர் ஓக் மரம், அதில் ஒற்றை மூங்கில் ஏணி, ஏணியின் மேல் ஒருவர் இடுப்பில் சாக்குப்பையோடு மிளகு பறித்துக்கொண்டு, பக்கத்து மரத்தில் இருந்த யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை. கேமராவைக் கண்ணில் வைத்தேன். வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். புல் வந்து கரைந்தது, வேலி வந்து கரைந்தது, பச்சைப் புகைக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து வந்தது. மூக்கு வந்தது, மீசை வந்தது, சிரிக்கும்போது சுருங்கும் கண் வந்தது. அழகாக இருந்தார். நான் சொல்கிறேனே, வெட்கமில்லாமல்: மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்த்தேன். எனக்கு வரப்போகிறவர் என்ற உரிமையோடு பார்த்தேன்.

அழுத்தினேன். அழுத்துகிற அதே நொடியில் பக்கவாட்டிலிருந்து ஒரு நீலம் வந்து பாதிப் படத்தை மறைத்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடைசிப் படம். கேமராவை இறக்கினேன். முகத்தோடு அழுத்தி வைத்திருந்ததில் என் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. அதைக் கழற்றித் தாவணியில் துடைத்துக்கொண்டே, எதிரே நின்ற நீலத்தைப் பார்த்து, "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்று கத்தினேன்.

"தெரியலீங்க, மன்னிச்சுக்குங்க" என்றது நீலம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, "என்னத்தைங்க படம் எடுக்கறீங்க?" என்று கேட்டது.

"பூச்சியை" என்றேன்.

லென்ஸ் எந்தப் பக்கம் பார்த்தது என்று அந்த ஆள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மேலே ஒன்றும் பேசாமல், தோளில் எதையோ சுமந்துகொண்டு சரிவில் இறங்கிப் போனார். நான் கண்ணாடியை மாட்டும்போது ரோட்டில் பனிதான் இருந்தது.

பதினைந்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. ரோல் நாமக்கல்லுக்குப் போய்க் கழுவி வரும்வரை அந்த முகத்தை மனசிலேயே கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்துக்காக ஒரு வருஷம் கண்ணாடி இல்லாமல் இருந்தால்தான் என்ன என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குள் வளப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் மூலம் அப்பாவுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். பரிசம் இப்போது வேண்டாம், பையன் கொஞ்சம் யோசிக்கணும் என்கிறான் என்று.

அம்மா உடனே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சு போச்சு. கண்ணாடி விஷயம் யாரோ சொல்லிட்டாங்க." அழுதாள். பிறகு எழுந்து எனக்கு ஒரு சட்டம் போட்டாள்: ஆபீசுக்குள் போனபிறகு போட்டுக்கொள், ஆபீசை விட்டு வரும்போது கழற்றிவிடு, ரோட்டிலும் பஸ்ஸிலும் கண்ணாடி கூடாது.

ஒரு வாரம் அப்படிப் போய்வந்தேன். பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையும் மண்நிறமும் கலந்து ஓடின. வளைவுகளில் வெயில் வந்து மோதும்போது உலகம் முழுக்கப் பனித்துளிக்குள் போய்விட்டது மாதிரி இருக்கும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அழகில் ஆட்கள் இல்லை. யார் சிரித்தார்கள், யார் முறைத்தார்கள், எதுவும் தெரியவில்லை. கிழங்குக் காட்டில் நிறுத்தியிருந்த சோளக்கொல்லை பொம்மைக்கு "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாய்க்காலில் கால் வைத்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். வரப்போகும் குடித்தனத்தை முன்கூட்டியே வாழ்ந்து பார்த்த வாரம் அது. எனக்குப் பயமாக இருந்தது.

படங்கள் வந்தன. அதிகாரி மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இலைப்புள்ளி, சரி. தண்டு அழுகல், சரி. வேர்ல மாவுப்பூச்சி, நல்லா வந்திருக்கு." கடைசிப் படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன பூச்சிம்மா?"

நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"முன்னாடி நீலமா என்னமோ படர்ந்திருக்கே?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "இந்த லென்ஸுக்கும் பூஞ்சை வந்துட்டுதா?"

"இல்ல சார். குறுக்கே ஆள் வந்துட்டார்."

"அப்பாடா" என்றார். "இதை அட்டையில ஒட்ட முடியாது. நீயே வச்சுக்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து நோட்டுக்குள் வைத்து, சமையல் முடித்தபின் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியாது.

"இவரை எதுக்குக் கண்ணு போட்டோ எடுத்த?"

"மாப்பிள்ளைதானேம்மா, பார்க்கக் கூடாதா?"

அம்மா படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இவரு மாப்பிள்ளையோட அக்கா ஊட்டுக்காரரு. ரெண்டு பிள்ளைக்கு அப்பன். மாப்பிள்ளை அவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரே, நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் கண்ணுல காட்டினேனே!"

படத்தைத் திரும்ப வாங்கினேன். அதுவரை அதன் பாதியை நான் கைவிரலால் மறைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். விரலை எடுத்தேன். ஒரு தோள், ஒரு கழுத்து, பக்கவாட்டில் ஒரு தலை. எதற்கும் ஓரம் இல்லை. லென்ஸ் நாற்பதடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறடியில் வந்தவர், நிறமாகக் கரைந்து போயிருந்தார். அம்மாவுக்கு அது வெறும் கறை. எனக்கு அது தெரிந்த ஆள். எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த நீலம் அதுதான். அதே நீலம், வலது தோள் அதே மாதிரி கொஞ்சம் தாழ்ந்து. வேறு யாருக்கும் அந்தப் படத்தில் அவரை அடையாளம் தெரிந்திருக்காது. நான் அவரை அப்படி மட்டும்தானே பார்த்திருக்கிறேன்!

அப்புறம் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. ரோட்டில் நான் கத்தியது அவரைப் பார்த்து. கண்ணு தெரியலீங்களா என்று நான், நான் போய், அவரைக் கேட்டிருக்கிறேன். பூச்சி என்று நான் சொன்ன திசையில் அவர் திரும்பிப் பார்த்தது தன் மச்சானை. தனக்குப் பேசிய பெண் தன் மச்சானை ஒளிந்து நின்று படம் எடுக்கிறாள் என்றால் எந்த ஆண்தான் யோசிக்க மாட்டான்? கண்ணாடிக்கும் அவர் யோசனைக்கும் சம்பந்தமே இல்லை. நான் அன்றிரவு அழுதது எனக்காக மட்டும் இல்லை.

மறுநாள் சந்தை நாள். நான் கண்ணாடியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க போற?"

"வளப்பூருக்கும்மா. சொல்லிட்டு வாரேன்."

"சொன்னா போயிருமே கண்ணு."

"சொல்லலைன்னா என் கண்ணு போயிரும்மா."

அவள் ஒதுங்கிக்கொண்டாள். பாவம், அவளுக்கும் என் மேல் ஆசைதான்.

வளப்பூர் நிறுத்தத்தில் சோளக்காடு என்ற ஊரின் சந்தைக்குப் போக மூட்டைகளோடு நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். யாரும் நீலச் சட்டை போட்டிருக்கவில்லை. கண்ணாடி வழியாக எல்லா முகமும் துல்லியமாகத் தெரிந்தது, அதில் எது அவர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினேன். முகங்கள் கரைந்தன. பனியில் நாலைந்து நிறங்கள் நின்றன. பலாமரத்தடியில் நின்ற பழுப்பு நிறத்துக்கு வலது தோள் தாழ்ந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

"ஏனுங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "பூச்சி படத்துல உழுந்துச்சுங்களா?" என்றார்.

"உழுந்துச்சுங்க. நீங்களும் உழுந்தீங்க."

"எங்க மச்சான் பாக்க லட்சணமா இருப்பாருங்க. எல்லாரும் சொல்றதுதான்." குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குத்திற்று.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் மூக்கைப் பார்த்தார். "அது கேமராவுக்குப் போடற கண்ணாடின்னு உங்கம்மா சொன்னாங்களே."

"பொய்ங்க. கேமராதான் ஆபீசோடது. கண்ணாடி என்னுது. இது இல்லைன்னா இங்கிருந்து உங்க மூஞ்சி தெரியாது. அன்னைக்கு ஊட்டுல கழட்டி வெச்சுட்டாங்க. வெள்ளைச் சட்டைதான் மாப்பிள்ளைன்னு நெனச்சுட்டேன். ரோட்டுல உங்களைத் திட்டினப்பவும் இது என் கையிலதான் இருந்துச்சு."

அவர் அதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார். மற்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் காதை வைத்திருந்தார்கள்.

"அப்ப என்னைய ஒருக்காகூடப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"அன்னைக்குச் சரின்னு சொன்னீங்களே?"

"அது உங்க மச்சானுக்குச் சொன்னதுங்க."

அவர் சிரித்துவிட்டார். வீட்டை வெளிச்சமாக்கும் சிரிப்பெல்லாம் இல்லை. பல்லைக் காட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு, தோள் மட்டும் குலுங்கிற்று. எனக்குத் தைரியம் வந்தது.

"இன்னொண்ணுங்க. உங்க ஊட்டுல இதைக் கழட்டச் சொன்னா நான் வரமாட்டேன். வேலையையும் உடமாட்டேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எங்க ஊட்டு வாசல்ல மூணு படிங்க" என்றார் மெதுவாக. "நடுப்படி ஒடஞ்சு கெடக்குது. கண்ணாடி இல்லாம நீங்க எப்படிங்க ஏறுவீங்க?"

அம்மா ஊர் முழுக்க ஒளித்த விஷயம், நான் ஒரு வருஷம் இருட்டில் வாழத் தயாரான விஷயம், அவருக்கு ஒரு உடைந்த படியாகத் தெரிந்திருக்கிறது.

வளைவில் பஸ் வந்தது. மற்றவர்கள் மூட்டைகளை ஏற்ற ஓடினார்கள். அவர் தன் மூட்டையில் கை வைத்தார், தூக்கவில்லை.

"அப்ப அந்தச் சரி செல்லாதுங்க" என்றார். "இப்பத்தானே பாக்கறீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, என் முன்னால் நேராக நின்றார். நான் பார்த்தேன். நெற்றியில் மிளகுக் கொடி கீறிய கோடு. இடது புருவத்தில் ஒரு இடைவெளி. பனியில் நனைந்து ஒட்டியிருந்த முடி. என்ன சொல்வேனோ என்று பயந்த கண். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வாரீங்களா இல்லீங்களா?" என்று கத்தினார். அவர் என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல், அசையாமல் நின்றார்.

"பஸ் போகட்டுங்க" என்றேன். "நான் இன்னும் பாத்து முடிக்கலை."